ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் உரிமைகளைக் கற்பித்தல்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பூர்வகுடி மக்களுக்கு 1967இல்தான் வாக்குரிமை கிடைத்தது என்று பத்தாம் வகுப்பில் சொல்லி வருகிறேன். அது சரிதானா?

பதில்: சரியன்று, ஆனால் பலரும் செய்கிற பிழைதான். கூட்டாட்சித் தேர்தலில் பூர்வகுடிகள் அனைவரும் வாக்களிக்க 1962ஆம் ஆண்டின் சட்டமே வழிசெய்தது; மாநிலத் தேர்தல்களில் கடைசியாகக் குயின்ஸ்லாந்து 1965இல் அந்த உரிமையை வழங்கியது. 1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தது வேறு இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்களை: பூர்வகுடிகளைக் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரம் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு வந்தது, மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கலாகாது என்ற 127ஆம் பிரிவு நீங்கியது. பிறருக்குக் கட்டாயமாக இருந்த வாக்காளர் பதிவு, பூர்வகுடிகளுக்கு 1984இல்தான் கட்டாயமானது என்பதையும் சொல்லுங்கள். அது சலுகையா ஒதுக்கலா என்று கேட்டுவிட்டு, மாணவர்களை வாதிட விடுங்கள்.

கேள்வி: துன்பங்களையே கேட்டுக் கேட்டு, மாணவர்கள் இரக்கப்படுவதோடு நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உரிமையைக் கொடுத்தவர்களைவிடக் கேட்டவர்களை முன்னிறுத்துங்கள். தங்கள் நிலத்தில் சுரங்கம் அமைக்க ஒப்புதலின்றி முடிவெடுத்ததை எதிர்த்து, வடக்கு ஆஸ்திரேலியாவில் உள்ள யிர்கலாவின் யொல்ங்கு பூர்வகுடி மக்கள் 1963இல் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சிட்டு, ஓவியம் தீட்டிய மரப்பட்டையில் ஒட்டிய மனு அது. சுரங்கம் நிற்கவில்லை. ஆயினும் இரண்டு சட்ட மரபுகள் ஒரே பலகையில் சந்தித்ததை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். இதற்கு மாறாக, 1975இல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததன் அடையாளமாகப் பிரதமர் விட்லம், குரிஞ்சி பூர்வகுடித் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியின் கையில் மண்ணைச் சொரியும் புகைப்படத்தை மட்டும் காட்டினால், பிரதமர் மனமிரங்கிக் கொடுத்ததாகவே தோன்றும். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் குரிஞ்சி மக்கள் வேவ்ஹில் பண்ணையை விட்டு 1966இல் வெளியேறி ஒன்பது ஆண்டுகள் உறுதியாக நின்றது, அந்தப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது.

கேள்வி: பூர்வகுடிகளின் ஆலோசனை அமைப்பு குறித்த 2023 பொதுவாக்கெடுப்பை ஒரு பக்கம் சாயாமல் எப்படி விளக்குவது?

பதில்: முதலில் விதியை விளக்குங்கள். அரசியலமைப்பைத் திருத்த நாடு முழுவதிலும் பெரும்பான்மையும், ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கின் ஆதரவும் வேண்டும். இதுவரை முன்வைக்கப்பட்ட 45 திருத்தங்களில் 8 மட்டுமே தேறியுள்ளன. நாடாளுமன்றத்திடம் பூர்வகுடிகளின் குரலாக ஓர் ஆலோசனை அமைப்பை ஏற்படுத்தும் முன்மொழிவு, ஆறு மாநிலங்களிலும் தோற்றது. இதன் அருகில் 1992 ஜூன் 3இன் மாபோ தீர்ப்பை வையுங்கள்: பூர்வகுடி நில உரிமை, யாருடைய வாக்குமின்றி நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. எந்த உரிமையைப் பெரும்பான்மையிடம் கேட்க வேண்டும், எதைக் கேட்கவே தேவையில்லை என்ற விவாதம் அங்கே தொடங்கும். வீட்டில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரேயொரு பூர்வகுடி மாணவி இருக்கிறாள். அவளைப் பேச அழைக்கலாமா?

பதில்: வேண்டாம். அவளும் படிக்க வந்தவள். உள்ளூர்ச் சமூகத்தின் மூத்தவர்களை முறைப்படி அழைத்து, அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள்.