அமைதியான அக்கா, துடுக்கான தங்கை: திகில் குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்குக் கேள்வி பதில்

திகில் குறும்படத்தில் உடன்பிறந்தவர்களாக நடிக்க ஆள் தேடுவது, அவர்களுடைய வேறுபாட்டைத் திரையில் காட்டுவது பற்றி மாணவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், என் கதையில் மூத்தவள் அமைதி, இளையவள் துடுக்கு. ஆடிஷனுக்கு வந்தவர்களில் முகம் ஒத்துப்போகிற இரண்டு பேர் இல்லவே இல்லை. என்ன செய்வது?

ஜாடைக்காக அலையாதீர்கள். கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஜாடை ஒத்துப்போகிறதா என்ன? இவள் அக்கா, இவள் தங்கை என்று படம் சொன்னால் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார். ஒன்றாக வளர்ந்த பழக்கம் இருவருடைய உடம்பிலும் தெரியாவிட்டால்தான் நம்ப மறுப்பார். அதனால் அக்காவைத் தனியாகவும் தங்கையைத் தனியாகவும் தேர்ந்தெடுக்காமல் ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் மூன்று பேர் என்று வடிகட்டினால் ஒன்பது ஜோடி. ஜோடிக்கு 5 நிமிடம் என்றால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்த 5 நிமிடத்தில் வசனம் வேண்டாம். பெரிய போர்வை ஒன்றைக் கொடுத்து இருவரையும் சேர்ந்து மடிக்கச் சொல்லுங்கள். கை இடித்தால் அந்நியர்கள் சட்டென்று விலகி ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். கூடப் பிறந்தவர்கள் இடித்ததைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஒருத்தி முனையைச் சேர்ப்பதற்குள் இன்னொருத்தி இழுத்துவிடுவாள்; முதலாமவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி சரிசெய்வாள். இழுப்பது யார், பொறுத்துப்போவது யார் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அப்புறம் வேடத்தை மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். துடுக்கானவள் என்று நினைத்து அழைத்தவர், அமைதியான அக்காவாக உட்காரும்போது உள்ளே ஏதோ கொதிப்பது தெரியும். திகில் படத்துக்கு அந்த அமைதி பொன்னானது.

தேர்வு முடிந்ததும் இருவருக்கும் பொதுவாக ஓர் அசைவைக் கொடுங்கள். பயம் வந்தால் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொள்வது என்று வைத்துக்கொள்வோம். இளையவள் எல்லோர் கண்ணிலும் படும்படி அப்படிச் செய்வாள். மூத்தவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு செய்வாள். ஒரே வீட்டில் கற்ற பயம், இரண்டு விதமான ஆள். படத்தின் தொடக்கத்திலேயே இது பதிந்துவிட்டால், கடைசியில் தங்கை உருவத்தில் வந்து நிற்பது தங்கையே கிடையாது என்று காட்ட ஒரு க்ளோஸ்-அப் போதும். கை விரிந்தபடியே இருக்கும்.

கேள்வி: ஒருத்திக்கு வெள்ளை உடை, இன்னொருத்திக்குக் கறுப்பு உடை கொடுக்கலாமா?

வேண்டாம். யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று உடையே சொல்லிவிட்டால் பார்ப்பவருக்கு வேலை இல்லாமல் போகும். ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களைக் கொடுத்து, உடுத்தும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். அக்கா போட்டு அலுத்த சட்டையைத் தங்கை போட்டிருக்கட்டும், தோள்பட்டை கொஞ்சம் தொங்கட்டும்.

கேள்வி: தேர்வான இருவரில் ஒருவர் சிவப்பு, இன்னொருவர் கறுப்பு. பேய் பிடிக்கும் வேடத்துக்குக் கறுப்பாக இருப்பவர்தான் பொருத்தம் என்கிறார் எங்கள் ஒளிப்பதிவாளர். இருவரையும் ஒரே ஃப்ரேமில் எடுப்பதும் சிரமம் என்கிறார்.

முதல் விஷயத்தில் நான் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளுத்த பெண் நல்லவள், கறுத்த பெண்ணிடம் ஏதோ கெட்டது இருக்கிறது என்ற கணக்கைச் சினிமா நெடுங்காலமாகப் போட்டுவருகிறது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று அழுகிறார்கள். புதிதாகப் படம் எடுக்க வரும் நீங்களும் அதே கணக்கைப் போட வேண்டுமா? யார் எந்த வேடம் என்பதைப் போர்வைச் சோதனை முடிவுசெய்யட்டும்.

இரண்டாவது, வெறும் வெளிச்சப் பிரச்சினை, தீர்வு உண்டு. சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துவிடும். ஆகவே கறுப்பாக இருப்பவரை விளக்குக்கு அருகிலும் மற்றவரைத் தள்ளியும் நிறுத்துங்கள். கறுத்த தோலில் பெரிய, மென்மையான வெளிச்சம் பட்டால் அழகான பளபளப்பு கிடைக்கும். பின்னணி இருட்டாக இருந்தால் தலைமுடிக்கும் தோளுக்கும் பின்னாலிருந்து மெல்லிய விளிம்பு வெளிச்சம் கொடுங்கள். மேக்கப் போட்டு வெளுப்பாக்கும் பேச்சே வேண்டாம்.

கேள்வி: தம்பி பேயை நம்புகிறான், அண்ணன் நம்பவில்லை. இதுதான் எங்கள் கதை. ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

நம்புவது, நம்பாதது என்பது வெறும் கருத்து. அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எழுதுங்கள். பெற்றோர் இல்லாத வீட்டில் அண்ணன்தான் பொறுப்பு. பேய் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் தம்பியைக் காப்பாற்றத் தன்னால் முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் மறுக்கிறான். இப்போது அவன் சொல்லும் ஒவ்வொரு 'ஒன்றுமில்லை'யும் பயத்தில் வருவது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். இரவில் கதவு தட்டப்படுகிறது. இருவரும் செய்யும் முதல் காரியத்தை மட்டும் எழுதுங்கள். அண்ணன் கதவை நோக்கி நடக்கிறான்; தம்பி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். வேறுபாடு அந்த ஒரே ஷாட்டில் வந்துவிட்டது. 'நீ எப்பவுமே இப்படித்தான் பிடிவாதக்காரன்' என்ற வசனத்தை வெட்டிவிடலாம். 'அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு' என்று ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்ளும் வசனத்தையும் வெட்டுங்கள். இருவருக்கும் தெரிந்ததை வீட்டில் யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: இரட்டையர் இருவரையும் ஒரே நடிகரை வைத்து எடுக்கப்போகிறோம். கையில் ஒரு கேமரா, ஒரு ட்ரைபாட். முடியுமா?

முடியும். 1988-இல் வந்த 'டெட் ரிங்கர்ஸ்' படத்தில் ஜெரமி ஐயன்ஸ் இரட்டை மருத்துவர்கள் இருவராகவும் நடித்தார். அங்கே கேமரா அசைவைக் கம்ப்யூட்டர் வைத்து அச்சுப் பிசகாமல் மறுபடி நிகழ்த்தினார்கள். நீங்கள் ஃப்ரேமை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒரே நடிகரை ஒவ்வொரு பாதியிலும் தனித்தனியாக எடுத்து, எடிட்டிங்கில் ஒட்ட வேண்டும். உங்களிடம் அந்த வசதி இல்லாததால் கேமரா அசையவே கூடாது. ட்ரைபாட் காலில் மணல் மூட்டை வையுங்கள். ஃபோக்கஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) மூன்றும் தானாக மாறாதபடி மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஜன்னலை மூடுங்கள், மேகம் நகர்ந்தாலே இரண்டு பாதியும் ஒட்டாது. நடுக்கோட்டை நடிகர் மட்டுமல்ல, அவர் நிழலும் தாண்டக் கூடாது. பேச்சைத் தொடங்கும் பாத்திரத்தை முதலில் எடுத்து, அந்த ஒலியை இயர்போனில் ஓடவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட் ஒன்றிரண்டு போதும். மற்றவற்றுக்கு அதே தலைமுடி உள்ள ஒரு நண்பரின் முதுகு உதவும். நடிகருக்கு ஒரே ஒரு குறிப்பு கொடுங்கள்: ஒருவராக நிற்கும்போது உடம்பின் பாரம் பாதத்தின் முன்பகுதியில், இன்னொருவராக நிற்கும்போது குதிகாலில். மூச்சும் கழுத்தும் தானாக மாறும்.

கேள்வி: அண்ணனுக்கு மனநோய். கடைசியில் கொலைகாரன் அவனே என்று முடிக்கிறோம். சரிதானே?

சரியில்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் மற்றவர்களின் வன்முறைக்கு அதிகம் ஆளாகிறார்கள். அவனுக்கு நோய் இருக்கட்டும், ஆனால் கொலைக்குக் காரணம் அதுவாக இருக்க வேண்டாம். 'அவன் சொல்வதை யார் நம்புவார்' என்று வீடே ஒதுக்கிய அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை என்று திருப்பிப் பாருங்கள். இதைவிடப் பயங்கரமான கதை கிடைக்கும்.

கேள்வி: தங்கை வேடத்துக்கு 9 வயதுச் சிறுமி. இரவுக் காட்சிகள் இருக்கின்றன. அவள் பயந்துவிடாமல் எப்படி எடுப்பது?

'ஷைனிங்' படத்தில் சிறுவனாக நடித்த டேனி லாயிட், தான் நடிப்பது திகில் படம் என்றே அப்போது தெரியாமல் நடித்தவர். குழந்தையின் முகத்தில் பயத்தைக் கொண்டுவரக் குழந்தையைப் பயமுறுத்தத் தேவையில்லை என்பதற்கு அது நல்ல சான்று. பேயும் சிறுமியும் தனித்தனி ஷாட்டில் இருக்கட்டும். சேர்ந்துதான் வர வேண்டும் என்றால் பேய் வேடக்காரர் மேக்கப் போடுவதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்; இரத்தச் சாயத்தை அவளே தொட்டுப் பார்க்கட்டும். இரவுக் காட்சியைப் பகலில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து எடுங்கள். பெற்றோரில் ஒருவர் அவள் கண்ணில் படும் இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். அக்காவாக நடிப்பவர் அவளோடு முன்கூட்டியே சில நாள் விளையாடினால், 'போதும்' என்று சொல்லும் தைரியம் அவளுக்கு வரும். சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: தம்பியாக நடிப்பவர் அண்ணனைவிட ஒரு தலை உயரம்.

அப்படியே விடுங்கள், நல்ல முரண். அண்ணன் அதிகாரம் செய்யும் காட்சியில் மட்டும் தம்பியை உட்காரவையுங்கள்.

கேள்வி: நிஜ அக்கா-தங்கையே நடிக்கத் தயார். எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அவர்களையும் அதே போர்வைச் சோதனைக்கு உட்படுத்துங்கள். கேமரா முன்னால் வெட்கப்பட்டு, வீட்டில் இருக்கும் நெருக்கத்தை மறைத்துக்கொள்பவர்களும் உண்டு. சண்டைக் காட்சிக்கு அவர்களுடைய சொந்தச் சண்டையைக் கிளறாதீர்கள். எந்த விஷயத்தைத் தொடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஸ்கிரிப்ட்டிலிருந்து முதலிலேயே எடுத்துவிடுங்கள்.