இயக்குநர் குழுக்களைப் பண்புசார் முறையில் ஆராய 20 இயக்குநர்களைப் பேட்டி கண்டால் போதுமா?

கேள்வியின் சாரம்: நிறுவன ஆளுகை பற்றிய முனைவர் பட்ட ஆய்வைப் புள்ளியியல் மாதிரிகள் இல்லாமல், நேர்காணலும் ஆவணங்களும் கொண்டு செய்ய விருப்பம். 20 நிறுவனங்களில் நிறுவனத்துக்கு ஓர் இயக்குநரைச் சந்திப்பதாகத் திட்டம். இது போதுமா, எப்படிச் செய்வது?

போதாது. 20 நிறுவனங்களில் நிறுவனத்துக்கு ஒருவரைச் சந்தித்தால் கையில் 20 அபிப்பிராயங்கள் சேரும், ஒரு போர்டுகூட (முழு இயக்குநர் குழு) சேராது. ஒருவர் சொன்னதை அதே அறையில் இருந்த இன்னொருவர் சொன்னதோடு வைத்துப் பார்க்க வழியில்லை. நடந்தது எது, நடந்ததாக அவர் நம்ப விரும்புவது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். அதே உழைப்பை 4 நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் 5 அல்லது 6 பேர் என்று மாற்றிப் போடுங்கள். 20 முதல் 24 நேர்காணல்கள் வரும். ஒரே கூட்டத்தை ஆறு பேர் ஆறு விதமாகச் சொல்லும்போது, அந்த வேறுபாடே உங்கள் முதல் தரவு.

எதைப் பற்றிக் கேட்பது என்பது இதைவிட முக்கியம். "உங்கள் போர்டு சுதந்திரமாகச் செயல்படுகிறதா?" என்று கேட்டால் "ஆமாம், நன்றாக விவாதிப்போம்" என்றுதான் பதில் வரும். அது பொய் என்று சொல்லவில்லை. ஆண்டறிக்கையிலும் கருத்தரங்கிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாசகம் அது. ஆகவே குறிப்பிட்ட ஒரு முடிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சிஇஓ மாற்றம், ஒரு நிறுவனத்தை வாங்கியது, தணிக்கையாளரை மாற்றியது, தொடர்புடைய தரப்போடு (இயக்குநர், உரிமையாளர் குடும்பம் போன்ற நெருங்கியவர்களோடு) செய்த ஒப்பந்தம். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு முடிவுகள் போதும். ஒன்று வழக்கமானது, இன்னொன்று சிக்கலானது. முடிவு எடுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால் நல்லது. அதைவிடப் புதிதாக இருந்தால் பேசத் தயங்குவார்கள், பழையதாக இருந்தால் கதை மெருகேறிவிட்டிருக்கும்.

ஏன் முடிவைப் பிடிக்கச் சொல்கிறேன்? அளவுசார் ஆய்வுகள் வெளியே தெரிவதை எண்ணுகின்றன: சுயேச்சை இயக்குநர்கள் (நிறுவனத்தோடு வேறு தொடர்பு இல்லாதவர்கள்) எத்தனை சதவீதம், சேர்மனும் சிஇஓவும் ஒருவரேயா, ஆண்டுக்கு எத்தனை கூட்டம். அவையும் தேவைதான், ஆனால் அறைக்குள் நடப்பது அவற்றில் தெரியாது. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் வீழ்ந்தபின் 2002 ஜூலையில் அமெரிக்க செனட் துணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. போர்டில் இருந்தவர்கள், விலகியவர்கள் என 13 பேரிடம் பேசியிருந்தார்கள். வாக்குகள் பெரும்பாலும் ஒருமனதானவை, பல ஆண்டுகளில் எதிர்வாக்கு விழுந்தது இரண்டே முறை என்று அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். எதிர்வாக்கை எண்ணப் போகும் ஆய்வாளருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. நிறுவனத்தின் நிதித் தலைவரே அந்த நிறுவனத்தோடு வியாபாரம் செய்யும் கூட்டு முதலீட்டு அமைப்பை நடத்தலாம் என்று போர்டு ஒப்புதல் தந்ததே, அது எப்படி நடந்தது? என்ன காகிதம் மேசைக்கு வந்தது? இதை யார் சரிபார்ப்பார்கள் என்று யார் நினைத்துக்கொண்டார்கள்? பண்புசார் ஆய்வு கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

நுழைவு

ஆய்வுகள் அதிகமாக நின்றுபோகும் இடம் இது. சேர்மன் வழியாகப் போனால் கதவு சீக்கிரம் திறக்கும், ஆனால் அவருக்குப் பிடித்தவர்களின் பட்டியல்தான் கிடைக்கும். கம்பெனி செக்ரட்டரிதான் சிறந்த வாசல் என்பது என் கணிப்பு. நிகழ்ச்சி நிரல், கூட்டத்துக்கான காகிதக் கட்டு, மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) எல்லாம் அவர் கை வழியாகவே போகின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் மூன்று தனித்தனித் தொடக்கப் புள்ளிகள் வையுங்கள்: கம்பெனி செக்ரட்டரி, பதவி விலகிய ஓர் இயக்குநர், வெளியே நிற்கும் ஒருவர் (பெரிய முதலீட்டு நிறுவனத்தின் ஆளுகைப் பிரிவினர், முன்னாள் தணிக்கையாளர், இயக்குநர் தேடும் ஆலோசகர்). யார் யாரை அறிமுகப்படுத்தினார்கள் என்பதை ஒரு பட்டியலில் எழுதி வாருங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே சங்கிலியிலிருந்து வந்திருந்தால், நீங்கள் ஆராய்வது போர்டை அல்ல, ஒரு நட்பு வட்டத்தை.

அழைப்புக் கடிதம் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. 45 நிமிடம் கேளுங்கள். பேச்சு சூடுபிடித்தால் அவர்களே ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுப்பார்கள். நிறுவனம், ஆள் பெயர் வராது என்பதும், பதிவை யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதும் கடிதத்திலேயே இருக்கட்டும். மேற்கோள்களைக் காட்டிச் சரிபார்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்கலாம். முடிவுரையைக் காட்டி ஒப்புதல் வாங்குகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால், கசப்பான பகுதி ஒன்றும் மிஞ்சாது.

நேர்காணல்

போவதற்கு முன் வெளியே கிடைக்கும் ஆவணங்களைக் கொண்டு அந்த முடிவின் காலக்கோட்டை ஒரே தாளில் வரைந்துகொள்ளுங்கள்: அறிவிப்பு வந்த நாள், கூட்டம் நடந்த நாள், யார் விலகினார், பங்குதாரர் வாக்கு எப்படி விழுந்தது. அந்தத் தாளை மேசையில் வையுங்கள். நினைவு அதைப் பற்றிக்கொண்டு மேலே வரும். "இந்தத் தேதி சரியில்லை, அதற்கு முன்பே பேசிவிட்டோம்" என்று திருத்தத் தொடங்கினால் நேர்காணல் நன்றாகப் போகிறது என்று பொருள்.

கேள்விகள் செயலைப் பற்றியவையாக இருக்கட்டும், கருத்தைப் பற்றி அல்ல. இந்த விஷயம் முதலில் உங்கள் காதுக்கு வந்தது எப்போது, யார் சொன்னார்? காகிதக் கட்டு கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு வந்தது, எத்தனை பக்கம்? கூட்டத்துக்கு முன் யாராவது தொலைபேசியில் அழைத்தார்களா? அறையில் முதலில் பேசியது யார்? முதல் வரைவுக்கும் நிறைவேறிய தீர்மானத்துக்கும் இடையே என்ன மாறியது? யாரும் கேட்காமல் விட்ட கேள்வி எது? கடைசிக் கேள்வியைப் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பதில்கள் அதற்குத்தான் வரும்.

இயக்குநர்கள் "நாங்கள்" என்றே பேசுவார்கள். "நாங்கள் கடுமையாகக் கேள்வி கேட்டோம்" என்றால் "முதலில் கேட்டது யார், என்ன சொற்களில்?" என்று மெல்லத் திரும்புங்கள். இரண்டு முறை கேட்டும் பெயர் வரவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேரும் அதே இடத்தில் பெயர் சொல்லாமல் நழுவினால் அது ஒரு கண்டுபிடிப்பு.

ஒலிப்பதிவை நிறுத்தியபின், கதவு வரை நடக்கும்போது, மிகக் கூர்மையான வாக்கியம் வரும். அதைப் பயன்படுத்தலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அன்று இரவுக்குள் குறிப்பெழுதி முடியுங்கள். மறுநாள் எழுதினால் அவர் சொற்கள் போய் உங்கள் சொற்கள் வந்துவிடும்.

பின்னறிவு இன்னொரு பெரிய சிக்கல். நிறுவனம் சரிந்திருந்தால் எல்லோரும் "எனக்கு அப்போதே சந்தேகம்" என்பார்கள். வென்றிருந்தால் எல்லோரும் அந்த முடிவுக்குத் தந்தை. இதற்கு மாற்று, அந்த நாளில் எழுதப்பட்ட காகிதம்தான்.

ஆவணங்கள்

மினிட்ஸைக் கூட்டத்தின் ஒலிப்பதிவு போலப் படிக்கக் கூடாது. பின்னால் வழக்கு வந்தால் தாங்கும்படி எழுதப்பட்ட சட்ட ஆவணம் அது. "விரிவாக விவாதித்தபின்" என்ற சொற்றொடர் எவ்வளவு நேரத்தையும் குறிக்கும். அதில் தேட வேண்டியவை வேறு: தொடங்கிய, முடிந்த நேரம், அழைப்பின்பேரில் வந்திருந்தவர்கள், இடையில் எழுந்து போனவர், ஒரே விஷயம் எத்தனை கூட்டங்களாகத் தள்ளிப்போடப்பட்டது. 3 மணி நேரக் கூட்டத்தில் 18 பொருள்கள் என்றால் சராசரி 10 நிமிடம். நீங்கள் ஆராயும் முடிவு 17-ஆவதாக இருந்ததா, 2-ஆவதாக இருந்ததா என்று பாருங்கள். ஆண்டறிக்கைகளை ஐந்து ஆண்டுகளுக்கு அடுக்கி, ஆளுகைப் பகுதியில் மாறிய வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். மாறாத பத்திகள் நகலெடுத்து ஒட்டியவை.

உள்ளே நுழைவு கிடைக்கவே இல்லையென்றால் நீதிமன்றப் பதிவுகள் இருக்கின்றன. மாணவர்கள் இதை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம். அமெரிக்காவின் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்த, டிரான்ஸ் யூனியன் என்ற நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். 1980 செப்டம்பர் 20 அன்று கூடிய போர்டு, நிறுவனத்தைப் பங்குக்கு 55 டாலர் விலையில் விற்க ஒப்புக்கொண்டது. சிஇஓ வாய்மொழியாக 20 நிமிடம் பேசினார், மொத்தக் கூட்டம் சுமார் இரண்டு மணி நேரம். ஒப்பந்தத்தை எந்த இயக்குநரும் படித்திருக்கவில்லை, அன்று மாலை ஒரு விருந்து நிகழ்ச்சியில் கையெழுத்தானது. சத்தியப் பிரமாணத்தின் பேரில், குறுக்கு விசாரணையைத் தாண்டி வந்த இத்தகைய விவரத்தை எந்த நேர்காணலிலும் எதிர்பார்க்க முடியாது. குறையும் உண்டு: வழக்குக்கு வந்த போர்டுகள் மட்டுமே இங்கே இருக்கும், நன்றாக நடந்த கூட்டம் நீதிமன்றத்துக்கு வருவது அரிது. ஆகவே செயல்முறையை விளங்கிக்கொள்ள இதைப் பயன்படுத்துங்கள், "போர்டுகள் பொதுவாக இப்படித்தான்" என்று சொல்லப் பயன்படுத்தாதீர்கள்.

நேரடியாகக் கூட்டத்தில் உட்கார அனுமதி கிடைத்தால் அது பெரிய பேறு. மேசையில் அமராமல் சுவரோரம் அமருங்கள். யார் பேசினார், யாரை நோக்கி, கேள்வியா தகவலா மறுப்பா ஆதரவா, எத்தனை மணிக்கு என்று கட்டம் போட்ட தாளில் குறியுங்கள். முதல் கூட்டத்தின் தரவுக்கு எடை குறைத்துக் கொடுங்கள், உங்களுக்காக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஓர் எச்சரிக்கை: பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமென்றால், வெளியிடப்படாத, விலையை அசைக்கக்கூடிய தகவல் உங்கள் காதில் விழும். அந்தப் பங்கை நீங்களும் வாங்கி விற்கக் கூடாது, வீட்டாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பல நாடுகளில் அது குற்றம்.

எத்தனை போதும்?

2006-இல் வெளியான, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு, தன் 60 நேர்காணல்களில் முதல் 12-க்குள்ளேயே செறிவு நிலை (மேலும் கேட்டாலும் புதிதாக ஒன்றும் வராத நிலை) வந்துவிட்டதாகச் சொன்னது. அந்த 12-ஐ அப்படியே தூக்கிவந்து ஆய்வேட்டில் போடுகிறார்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒருவரையொருவர் ஒத்த குழுவினர், கேட்ட கேள்விகளும் ஒன்றே. சேர்மன், சுயேச்சை இயக்குநர், நிதித் தலைவர், செக்ரட்டரி ஆகியோர் அப்படி ஒத்தவர்கள் அல்ல. எண்ணுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: இந்த முடிவைப் பற்றி, ஒவ்வொரு பொறுப்பிலும் இருந்த ஒருவராவது பேசிவிட்டாரா? கடைசி இரண்டு பேர் புதிதாக ஏதாவது சேர்த்தார்களா?

பகுப்பாய்வு

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரமான 24 நேர்காணல் என்றால் 96 முதல் 144 மணி நேரம். மென்பொருள் வரைவு கொடுத்தாலும் தயக்கமும் பேச்சு நிறுத்தமும் அதில் உதிர்ந்துவிடும், கேட்டுக்கொண்டே திருத்துங்கள். மேகச் சேவையில் (கிளவுட்) பதிவேற்றுமுன் ஒப்புதல் படிவம் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள்.

முதல் சுற்றில் குறியீடுகள் (பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் இடும் குறுந்தலைப்புகள்) பேசியவரின் சொற்களாகவே இருக்கட்டும். "கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிட்டது", "சேர்மன் முகத்தைப் பார்த்தோம்" போல. இரண்டாம் சுற்றில்தான் "முன்கூட்டிய உடன்பாடு" போன்ற ஆய்வாளர் சொல். பலர் முதல் நாளே "முகமை முரண்" (உரிமையாளர் நலனும் நிர்வாகியின் நலனும் மோதுவது) என்று குறியிடத் தொடங்குகிறார்கள். கோட்பாட்டில் இருந்ததுதான் தரவிலும் கிடைக்கும், இவ்வளவு பாடும் வீண். எடுத்துக்காட்டாக, 2003-இல் வெளியான பிரிட்டனின் ஹிக்ஸ் அறிக்கைக்காக மூன்று ஆய்வாளர்கள் 40 இயக்குநர்களோடு பேசினார்கள். செயல்சாரா இயக்குநர் (அன்றாட நிர்வாகத்தில் இல்லாதவர்) ஒன்று கண்காணிப்பார் அல்லது ஆலோசனை சொல்வார் என்ற பழைய பிரிவினை அதில் நிற்கவில்லை. ஆதரித்துக்கொண்டே கேள்வி கேட்பது, விலகி நின்றுகொண்டே ஈடுபடுவது என இரண்டையும் ஒருசேரச் செய்வதுதான் பயனுள்ள நடத்தை என்று வந்தது. கோட்பாட்டுச் சொல்லோடு உள்ளே போயிருந்தால் இது கண்ணில் படாது.

நேர்காணல்களைத் தலைப்புவாரியாக மட்டும் வெட்டாமல், ஒவ்வொரு முடிவுக்கும் தனித் தாளில் யார், எப்போது, என்ன செய்தார் என்று அடுக்குங்கள். ஆறு பேரின் கூற்றும் ஆவணமும் பக்கம் பக்கமாக. முரண்படும் இடத்தைச் சராசரி எடுத்து மறைக்காதீர்கள். உங்கள் விளக்கத்துக்கு ஒத்துவராத ஒரு முடிவையாவது தேடி, அதை ஆய்வேட்டில் முழுதாக எழுதுங்கள்.

பெயர் மறைப்பு

"சேர்மன், நிறுவனம் அ" என்று போட்டால் மறைத்ததாகாது. 8 பேர் கொண்ட போர்டில் ஒரே ஒரு பெண் இயக்குநர் இருந்தால், "அவர் சொன்னார்" என்பதைச் சூழலோடு படித்ததுமே ஆள் தெரிந்துவிடும். துறை, ஆண்டு, தொகை மூன்றும் சேர்ந்தால் எந்த நிறுவனம் என்பதை இணையத்தில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். தொகையை வீச்சாகச் சொல்லுங்கள், துறையை அகலப்படுத்துங்கள், ஒருவரின் மேற்கோள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அடையாள எண் தராதீர்கள். ஒன்பது மேற்கோள்களைக் கோத்துப் பார்த்தால் முகம் தெரிந்துவிடும். வெளியாருக்குத் தெரியாவிட்டாலும் சக இயக்குநருக்குத் தெரியும், அவரால்தான் உண்மையான பாதிப்பு. சமர்ப்பிக்குமுன் ஒவ்வொரு மேற்கோளையும் அதே போர்டில் இருப்பவர் படிப்பதாக எண்ணிப் படியுங்கள். யார் சொன்னது என்று அவருக்குப் புரிந்துவிடும் என்றால், எவ்வளவு அழகான வாக்கியமாக இருந்தாலும் எடுத்துவிட்டு உங்கள் சொற்களில் சுருக்கி எழுதுங்கள்.