தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதுமா?

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளிடம் செல்லவிருக்கிறேன். தில்லியிலிருந்து தூரம் சுமார் 12,400 கி.மீ., விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. என்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் 14 மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டிலோ அதைவிடக் கூடுதலாகப் போட்டிருக்கிறது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும் விமானம் விரைவில் சேர வேண்டாமா?
– வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: பூமியின் சுழற்சியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், அதனால் நேரடியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நீங்கள் குறிப்பிடும் 12,400 கி.மீ. என்பது, பூகோள உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் தூரம். பேரனின் மேசையில் உருண்டை இருந்தால் செய்து பாருங்கள். நூல் ஐரோப்பாப் பக்கமே போகாமல், திபெத்தைக் கடந்து, சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலைத் தொட்டுவிட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். அந்த நூலின் மேலேயே விமானம் பறப்பதில்லை. கேபினில் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத் பீடபூமியின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது எங்கே இறங்குவது? எனவே விமானங்கள் பெரும்பாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் செல்கின்றன. போதாக்குறைக்கு, 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. தில்லியிலிருந்து மேற்கே கிளம்பும் நம் விமானங்களுக்கு அதனால் சுற்று இன்னும் கூடிவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்னும் வேகக் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் இது மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. எதிர்த்துப் பறந்தால் அவ்வளவு வேகம் குறையும், முதுகில் வாங்கிக்கொண்டால் கூடும். ஏர் இந்தியா 2016 அக்டோபரில் இதை அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை, சுமார் 13,900 கி.மீ. கொண்ட அட்லாண்டிக் பாதையை விட்டு, கிழக்கே பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறக்கவிட்டது, பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. சராசரி வேகம் மணிக்கு 1,050 கி.மீ.! எட்டிப் போனாலும் காற்றோடு போனதே லாபமாயிற்று.

டிக்கெட்டில் உள்ள நேரத்தில், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் முறைக்குக் காத்திருப்பதும் சேர்ந்தே இருக்கும்.

கடிகாரத்திலும் கவனம் தேவை. சான் பிரான்சிஸ்கோ நமக்குக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்தங்கியது. கோடையில் தில்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், அங்கே அதே தேதியில் காலை 7.30க்கு இறங்குவீர்கள், விமான நிலையத்துக்கு வர வேண்டிய தேதியை மகளிடம் சரியாகச் சொல்லிவிடுங்கள்.