பால் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிரையும் விடவேண்டுமா?

கேள்வி: அக்கா, காலையில் வெறும் வயிற்றில் பால் தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ் ஏறினால், காலி வீதி நெரிசலில் கொள்ளுப்பிட்டி வருவதற்குள் வயிறு ஊதி இரையத் தொடங்கிவிடும். ஒபிசுக்குப் போனதும் டொய்லெட்டுக்குத்தான் ஓட்டம். லக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் டொக்டர். நன்றாகக் காய்ச்சினால் சரியாகும் என்கிறார் மாமி. பயத்தில் சொதியையும் விட்டுவிட்டேன். தயிர் சாப்பிடலாமா? எலும்புக்கு என்ன செய்வது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் இன்றைக்கே சொதி வையுங்கள். தேங்காய்ப்பாலில் லக்டோஸ் துளியும் இல்லை, பாற்சோறும் பயமில்லாமல் சாப்பிடலாம். லக்டோஸ் என்பது பசு, எருமை, ஆட்டுப் பாலில் இருக்கிற சர்க்கரை. அதை உடைக்கும் லக்டேஸ் நொதியம் சிறுகுடலில் குறைந்துவிட்டால் அது அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்குள்ள பக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும், தண்ணீரும் சேரும், உங்கள் இரைச்சலும் ஓட்டமும் அதனால்தான். எவ்வளவு காய்ச்சினாலும் லக்டோஸ் போகாது, மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கொழுப்பு நீக்கிய பால்மாவுக்கும் மாறவேண்டாம், அதில் இன்னும் கூட.

ஆனால் பாலை அடியோடு விடத் தேவையில்லை, அளவுதான் விஷயம். பலர் ஒரே தடவையில் 12 கிராம் லக்டோஸ் வரை, அதாவது ஒரு கப் பாலில் உள்ள அளவை, பெரிய தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். சாதாரண பால்மாவில் 100 கிராமுக்கு 38 கிராம் அளவில் லக்டோஸ் இருக்கிறது, நம் வீடுகளில் போடுவதுபோல மேசைக்கரண்டியில் குவித்து மூன்று போட்டால் அந்த எல்லைக்குக் கிட்டப் போய்விடும், அதுவும் வெறும் வயிற்றில்! இடியப்பமோ பாணோ சாப்பிட்டுவிட்டு, ஒரு கரண்டி பால்மா போட்டுக் குடித்துப் பாருங்கள். பின்னேரம் பிளேன்டீயும் கருப்பட்டியும் போதும்.

தயிர் தாராளமாகச் சாப்பிடலாம். உறையும்போதே பக்டீரியா லக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சத்தைச் செரிக்கவும் வயிற்றுக்குள் உதவும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, சட்டித் தயிரில் நாலு கரண்டி, மேலே கொஞ்சம் கித்துள் பாணி, அப்படித் தொடங்குங்கள். செடார் சீஸ், நெய் எல்லாம் சரி. ஐஸ்கிறீமும் டின்பாலில் செய்யும் மில்க் டொபியும்தான் கவனம்.

எலும்புக்கு, முள்ளோடு நெத்தலிப் பொரியல், குரக்கன் பிட்டு, எள்ளுருண்டை.

பால் குறைத்தும் வயிற்றோட்டம் நிற்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, எடை குறைந்தாலோ பால்தான் காரணம் என்று இருந்துவிடாமல் உடனே டொக்டரிடம் போங்கள்.