தமிழ்வழியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஜே.இ.இ. மெயின் பாடத்திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பள்ளிப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு வேறு புத்தகங்களுக்குப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் இயற்பியல் எடுக்கும் ஆசிரியை நான். தயவுசெய்து பள்ளிப் புத்தகத்தை ஒதுக்காதீர்கள். அதே நேரம், அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள்.

முதல் வேலையாக, இந்தத் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் இருக்கும் பாடத்திட்டத்தை அச்செடுத்துப் பள்ளிப் புத்தகத்தின் பொருளடக்கத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இயற்பியலில் 20 அலகுகள், வேதியியலில் 20, கணிதத்தில் 14. பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். இயற்பியலின் முதல் பத்து அலகுகளும், அளவீடுகளில் தொடங்கி அலைவுகள் வரை, முழுக்கப் பதினொன்றாம் வகுப்புப் பாடம். 2025-26 முதல் நம் மாநிலத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. அதனாலேயே பல வீடுகளில் இந்த ஆண்டை ஓய்வு ஆண்டாக நினைக்கிறார்கள். ஜே.இ.இ. எழுதப்போகும் பிள்ளைக்கு இது ஓய்வு ஆண்டே கிடையாது.

அச்செடுப்பது நடப்பு ஆண்டின் பாடத்திட்டம்தானா என்று கட்டாயம் பாருங்கள். 2024 தேர்வுக்குப் பாடங்களைக் குறைத்தார்கள். வேதியியலில் வாயு நிலைமை, திட நிலைமை, ஹைட்ரஜன், கார உலோகங்கள், உலோகவியல், புறப்பரப்பு வேதியியல், சுற்றுச்சூழல் வேதியியல் எல்லாம் போய்விட்டன. கணிதத்தில் கணிதத் தொகுத்தறிதலும் முக்கோணவியல் சமன்பாடுகளும் இல்லை. என் மாணவன் ஒருவன் பழைய வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு வாயு நிலைமைக்கும் திட நிலைமைக்கும் மூன்று வாரம் செலவழித்திருந்தான். அந்த நூலை அவனுக்குக் கொடுத்த பயிற்சி மையம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. ஆனால் இந்தப் பாடங்களைப் படிக்கவே வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். பள்ளித் தேர்வுக்கு இவை வேண்டும். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பாடத்திட்டத்தில் வாயு நிலைமையும் திட நிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் இன்னும் இருக்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மெயின் கணிதத்தில் திட்ட விலக்கமும் மாறுபாடும் கேட்கிறார்கள். அது நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கிடக்கிறது. பழைய புத்தகத்தைக் கடைக்குப் போட்டிருந்தால் யாரிடமாவது கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்ததாக, நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்று: இயற்பியலின் இருபதாவது அலகு. அதன் பெயர் செய்முறைத் திறன்கள். வெர்னியர் அளவி, திருகு அளவி, தனி ஊசல், மீட்டர் சமனச்சுற்று, ஒத்ததிர்வுக் குழாய் என்று நம் ஆய்வகத்தில் தூசி படிந்து நிற்கும் கருவிகள்தான். வேதியியலிலும் கடைசி அலகு செய்முறைதான். ஆக்சாலிக் அமிலத்துக்கும் பெர்மாங்கனேட்டுக்கும் இடையிலான தரம்பார்த்தல் அதில் வருகிறது. பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு இதை முடித்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வெர்னியரின் பத்துப் பிரிவுகள் முதன்மைக் கோலின் 9 மில்லிமீட்டருக்குச் சமம், மீச்சிற்றளவு, அதாவது இந்தக் கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. தாடைகளை மூடினால் வெர்னியரின் சுழி முதன்மைக் கோலின் சுழிக்கு இடப்பக்கம் நிற்கிறது, ஆறாவது பிரிவு பொருந்துகிறது. ஒரு உருளையை அளந்தால் முதன்மைக் கோல் 3.2 செ.மீ., பொருந்தும் பிரிவு 4. விட்டம் என்ன? கருவியைக் கையில் எடுக்காத பிள்ளை பிழையை 0.06 என்று எடுத்து, 3.24-லிருந்து கழித்து 3.18 என்று எழுதும். சுழி இடப்பக்கம் இருப்பதால் பத்திலிருந்து ஆறைக் கழிக்க வேண்டும். பிழை எதிர்க்குறியோடு 0.04, அதைக் கழிப்பது என்றால் 0.04-ஐக் கூட்டுவதுதான், 3.28 செ.மீ. இதைக் கரும்பலகையில் நான் பத்து முறை சொல்வதைவிட, அளவியை மூடி வெளிச்சத்தில் பிடித்து அந்த ஆறாவது கோட்டை அவளே ஒருமுறை தேடினால் போதும். பள்ளியில் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைக்குப் பீரோவைத் திறந்துவிட எந்த ஆசிரியருக்கும் மகிழ்ச்சிதான்.

தேர்வு மூன்று மணி நேரம், 75 வினாக்கள், பாடத்துக்கு 25, மொத்தம் 300 மதிப்பெண். சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. பாடத்துக்கு ஐந்து வினாக்களில் விடை எண்ணாக வர வேண்டும். அங்கே தேர்ந்தெடுக்க வாய்ப்புகளே இருக்காது. நம் புத்தகப் பயிற்சிகள் ஒரு கருத்தை ஒரு கணக்கில் கேட்கும், இங்கே சுழற்சி இயக்கத்தையும் ஆற்றல் மாறாமையையும் ஒரே வினாவில் பின்னிவிடுவார்கள். எனவே பள்ளிப் புத்தகத்தில் ஓர் அலகு முடிந்த கையோடு, அதே அலகில் முந்தைய ஆண்டு வினாக்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்தப் பாடமும் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது.

மொழி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021 முதல் மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழைத் தேர்ந்தால் வினா தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும்; மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. இருந்தாலும் அது மாறும்வரை உங்கள் மகள் காத்திருக்க முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். நிலைமத் திருப்புத்திறன் என்று படிக்கும் அன்றே, அதற்கு எதிரே மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். நாளுக்கு ஐந்து சொல் போதும்.