மலைக்காட்டில் டென்ட்: கேள்வி பதில்

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் டென்ட் தங்கல் நடத்துவோருடன் சேர்ந்து வேலை பார்க்கிறேன். டிசம்பர் விடுமுறை நெருங்குகிறது, கேள்விகளும் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: அக்கா, நண்பர்கள் நான்கு பேர் கொடைக்கானல் வருகிறோம். காட்டுக்குள் நல்ல இடமாகப் பார்த்து நாங்களே டென்ட் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது தம்பி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். அதோடு கொடைக்கானல் காடுகளில் பெரும்பகுதி 2013-இல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பட்டா நிலத்தில், உரிமையாளர் முறைப்படி நடத்துகிற இடமாகப் பாருங்கள். போனில் மூன்றே கேள்வி கேளுங்கள்: பட்டா நிலமா, ராத்திரி யாராவது ஆள் இருப்பார்களா, அவசரத்துக்கு வண்டி எவ்வளவு தூரம் வரும்? “ஃபாரஸ்ட் ஓரம்தான், யாரும் கேட்க மாட்டாங்க” என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். அதையும் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நடப்பதுதான் விருப்பம் என்றால், தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைப் பாருங்கள். வழிகாட்டியோடு போகலாம்.

சென்னையிலிருந்து: டிசம்பரில் ஆறு வயதுப் பையனோடு வருகிறோம். கம்பளி எத்தனை கொண்டுவர வேண்டும்?

கம்பளியை விட முதுகுக்குக் கீழே என்ன விரிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம் சகோதரி. நம் உடல் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும். அப்புறம் அது சூட்டைப் பிடித்து வைக்காது, தரை உறிஞ்சிவிடும். அடியில் தார்ப்பாய், அதற்கு மேல் டென்ட், உள்ளே தடித்த ஃபோம் பாய், அதன்மேல் ஸ்லீப்பிங் பேக் என்று அடுக்குங்கள். தார்ப்பாய் டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைத் தண்ணீரை வாங்கி உள்ளே விடும்.

இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் விழுவது புல்வெளிப் பள்ளத்தில்தான். சற்று மேடான, காற்று மறைவான இடமாகப் பாருங்கள். தைல மரத்தடி வேண்டாம், காற்றே இல்லாதபோதும் கிளை ஒடிந்து விழும். ஓடைக்கரையும் வேண்டாம். டிசம்பரில்கூட மேலே எங்கோ பெய்யும் மழையில் இங்கே தண்ணீர் ஏறும்.

காலையில் டென்ட் உள்பக்கம் நனைந்திருந்தால் ஒழுகிவிட்டது என்று பயப்படாதீர்கள். உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான் அது. மேலே இருக்கும் வலை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்குங்கள்.

ஈரோட்டிலிருந்து: குளிருக்குக் கரி அடுப்பை டென்டுக்குள் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு வெளியே எடுத்துவிட்டால் பரவாயில்லையா?

ஒரு நிமிடம்கூட வேண்டாம். கரி புகையாமல் கனலும்போதுதான் ஆபத்து அதிகம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். லேசான தலைவலி, தூக்கக் கலக்கம், அவ்வளவுதான் தெரியும். “எடுத்துவிடலாம்” என்று நினைத்தவர் அதற்குள் தூங்கிவிடுவார். 2024-இல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை. அது சுவர் வைத்த அறை. டென்ட் அதைவிடச் சின்னது. கேஸ் அடுப்புக்கும் இதே பதில்தான்.

பொள்ளாச்சியிலிருந்து: கேரவன் வாடகைக்கு எடுத்து வால்பாறை போகலாமா?

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஓட்டுநர் மலைப்பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். ஆனைமலைப் புலிகள் காப்பகம் என்பதால் சாலையோரம் நிறுத்தித் தூங்க முடியாது. தங்கும் இடத்தின் வளாகத்தில் நிறுத்த அனுமதி வாங்கிய பிறகு வண்டியைப் பேசுங்கள்.

கோவையிலிருந்து: அம்மா, கேம்ப் ஃபயரே கூடாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நெருப்பு இருந்தால் யானை அண்டாது. எங்கள் தோட்டத்தில் ராத்திரி முழுக்கக் கட்டை எரியும்.

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நெருப்பை நம்பித் தூங்குவதை ஒப்புக்கொள்ள முடியாது. மலையடிவார ஊர்களில் தீ மூட்டி, தகரம் தட்டி, பட்டாசு வெடித்துக் காவல் இருக்கிறார்கள். அப்படியும் வாழையை யானை தின்றுவிட்டுத்தான் போகிறது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்க வந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. யானைத்தடத்தில் டென்ட் போடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. சாணம், உரசிய மரம், முறிந்த மூங்கில் தெரிந்தால் அந்த இடம் வேண்டாம்.

அவரே மீண்டும்: குரங்கணியைச் சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் தடை செய்கிறார்கள். அது காட்டுத்தீ. நாங்கள் மூட்டுவது கட்டுப்பாட்டோடு.

குரங்கணியை நான் சொல்லவில்லை, நீங்கள் சொன்னதால் சொல்கிறேன். 2018 மார்ச் 11, கொழுக்குமலைப் பக்கமிருந்து தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு மலைநடையாக இறங்கியவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயில் மாட்டிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், ஏனென்றால் சுவாலை மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. உங்கள் தோட்டத்தில் ஆள் இருக்கிறார்கள், தண்ணீர்க் குழாய் இருக்கிறது. வாரக் கடைசிக்கு வரும் பையன்களிடம் ஒரு லிட்டர் குடிதண்ணீர்தான் இருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை புல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

திண்டுக்கல்லிலிருந்து: நான் ஐயா பக்கம். அப்படியானால் கேம்ப் ஃபயருக்கு வழியே இல்லையா?

உண்டு. பட்டா நிலம், ஈரமான மாதம், உரிமையாளர் காட்டும் இடம். சுற்றிலும் சருகைக் கூட்டி வெறும் மண் தெரிய வேண்டும். பைன் மரத்தின் ஊசி இலைகள் உதிர்ந்து கிடக்கும் மெத்தை மீது மூட்டவே கூடாது. மேலே அணைந்தது போலிருக்கும், அடியில் கனன்றுகொண்டே போய் மறுநாள் வேறிடத்தில் எழும். மூட்டும் முன்பே இரண்டு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அணைக்கும்போது ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. இதைச் செய்யப் பொறுமை இருந்தால் மூட்டுங்கள்.

கரூரிலிருந்து: டென்டுக்குள் இல்லை, வாசல் துணிக்கு அடியில் பார்பிக்யூ வைக்கலாமா?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். வாசல் துணியும் டென்ட்தான். நைலான் ஒரு பொறியில் உருகிக் கையில் ஒட்டும்.

சேலத்திலிருந்து: குழந்தைக்கு வீசிங் உண்டு. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளுமா?

மருத்துவரைக் கேளுங்கள். இன்ஹேலரை வண்டியில் விடாமல் டென்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

திருச்சியிலிருந்து: சாதம் வேகவே மாட்டேன் என்கிறதே, கேஸ் சரியில்லையா?

கேஸ் சரிதான். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் அரிசியை ஊறவைத்துவிட்டு மூடிபோட்டு வேகவையுங்கள். மிச்சத்தை டென்டுக்குள் வைக்காதீர்கள், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும்.

நாமக்கல்லிலிருந்து: டென்டுக்குள் மெழுகுவத்தி மட்டும்?

வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள். நெருப்பு பற்றிய கேள்விகளுக்கு இனிப் பதில் சொல்வதாக இல்லை.

தேனியிலிருந்து: ராத்திரி காட்டுமாடு டென்ட் பக்கம் வந்தால்?

நல்ல கேள்வி. டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள், செல்போனோடு வெளியே வராதீர்கள். மேய்ந்துவிட்டுத் தானாகப் போய்விடும். சிக்கல் டென்ட் கயிற்றில்தான்: இருட்டில் கால் மாட்டினால் மிரண்டு டென்டையே இழுத்துவிடும். மாலையிலேயே ஒவ்வொரு கயிற்றிலும் வெள்ளைத் துணிக்கிழிசலைக் கட்டிவிடுங்கள்.