பழைய டெஸ்க்டாப் கன்ட்ரோலை வெப் பேஜுக்குள்ள ஓட்டணுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, எங்க ஆபீஸ்ல 2009ல எழுதின ஸ்விங் ஆப்லெட் ஒண்ணு இருக்கு, அதாவது ஜாவாவோட ஸ்விங் லைப்ரரில எழுதி வெப் பேஜுக்குள்ள ஓட்டற புரோகிராம், பெரிய கிரிட், அதுக்குள்ளயே எடிட் பண்ணலாம். இப்ப எந்த பிரவுசர்லயும் வரமாட்டேங்குது. செட்டிங்ல ஏதாவது ஆன் பண்ணணுமா?

பதில்: ஆன் பண்ண அங்க ஒண்ணுமே இல்ல தம்பி. ஆப்லெட்ட ஓட்டுனது ஜாவா பிளக்இன், அதாவது பிரவுசரோட சேத்து போடற துணை புரோகிராம், அந்த மாதிரி பிளக்இன்னுக்கு குரோம் 2015லயே கதவ சாத்திட்டாங்க, ஃபயர்ஃபாக்ஸ் 2017ல, அப்பறம் 2018ல ஜாவா 11 வந்தப்ப ஆரக்கிளே பிளக்இன்ன தூக்கிட்டாங்க. சோர்ஸ் கோட் இல்ல, கம்பைல் ஆன ஜார் ஃபைல் மட்டும்தான் கைல இருக்குன்னா சீர்ப்ஜேன்னு ஒரு டூல் போட்டு பாருங்க, அது ஜாவாவையே வெப்அசெம்ப்ளி (பிரவுசர் நேரா ஓட்டற ஒரு கோட் வடிவம்) வழியா பிரவுசருக்குள்ள ஓட்டிரும், ஸ்விங் கிரிட் அப்படியே பேஜ்ல வரும். லோட் ஆக நேரம் எடுக்கும், கம்பெனிக்குன்னா லைசென்ஸயும் படிச்சிருங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி அந்த ஆப்லெட் நேரா டேட்டாபேஸோட பேசுதான்னு பாருங்க, பேஜுக்குள்ள இருந்து அப்படி நேரடி கனெக்ஷன் (சாக்கெட்) ஓபன் பண்ண முடியாது, நடுவுல ஒரு சர்வர் வெச்சே ஆகணும். நெறைய பேர் கடைசில வந்து மாட்டிக்கிறது இங்கதான்.

கேள்வி: சார், ரைஸ் மில்லு எடை மெஷின். சீரியல் போர்ட்ல வர்ற எடைய ஒரு ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல் (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள்ள ஓடற குட்டி புரோகிராம்) படிச்சு பேஜ்ல போடுது. எட்ஜ்ல ஐஇ மோடுல, அதாவது அந்த எக்ஸ்ப்ளோரர் மாதிரியே, ஓடிட்டிருக்கு, அப்படியே விட்டுரலாமா?

பதில்: 2029 வரைக்குமாச்சும் ஐஇ மோட் இருக்கும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிருக்கு, அதனால நாளைக்கே ஒண்ணும் ஆகாது. ஆனா உங்க கேஸ்தான் மாத்த ஈஸியான கேஸ். குரோம்லயும் எட்ஜ்லயும் 2021ல இருந்து வெப் சீரியல்னு ஒரு வசதி இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்லயே போர்ட்ட படிச்சிரலாம். பேஜ் ஹெச்டிடிபிஎஸ்ல இருக்கணும், முதல் தடவை ஆபரேட்டர் ஒரு பட்டன அமுக்கி போர்ட்ட செலக்ட் பண்ணிக் குடுக்கணும், பேஜ் தானா எடுத்துக்காது. பாட் ரேட், அதாவது டேட்டா வர்ற வேகம், மெஷின்ல என்ன செட் பண்ணிருக்கோ அதேதான் கோட்லயும் குடுக்கணும். இன்னொண்ணு முக்கியம், எடை ஒரே வரியா வரும்னு நம்பாதீங்க, ‘1’ ஒரு தடவை, ‘2.450’ அடுத்த தடவைன்னு துண்டு துண்டா வரும், வரி முடியிற கேரக்டர் வர்ற வரைக்கும் சேத்து வெச்சுட்டு அப்பறம் படிங்க, இல்லேன்னா 12 கிலோ 450 கிராம் மூட்டைக்கு 1 கிலோன்னு பில் அடிச்சிரும்!

கேள்வி: ப்ரோ, க்யூடி விட்ஜெட்ஸ்ல (டெஸ்க்டாப் ஆப் எழுதற சி++ லைப்ரரி) எழுதின ஆப்ப வெப்அசெம்ப்ளிக்கு கம்பைல் பண்ணேன், பேஜ்ல சூப்பரா வருது, ஆனா தமிழ் மட்டும் கட்டம் கட்டமா தெரியுது.

பதில்: சிஸ்டத்துல இருக்கிற ஃபான்ட் எல்லாம் அதுக்கு தானா கிடைக்காது, கூடவே பேக் ஆகி வர்ற ஃபான்ட்லதான் எழுதும், அதுல தமிழ் இல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கற ஃபான்ட்ட ஆப்போட ரிசோர்ஸ் ஃபைல்ல சேத்து, ஆப் ஸ்டார்ட் ஆகும்போதே லோட் பண்ணிருங்க.

கேள்வி: அதே க்யூடி பேஜ்ல கன்ட்ரோல் எஃப் அடிச்சா எதையுமே கண்டுபிடிக்கல, அதுவும் ஃபான்ட் பிரச்சினையா?

பதில்: இல்ல. எல்லாம் ஒரு கேன்வாஸ்ல வரையற படம், அதுல பிரவுசருக்கு எழுத்தே கிடையாது. ஸ்கிரீன் ரீடர் சப்போர்ட்டும் அரைகுறைதான், அதனால பொதுமக்கள் வர்ற சைட்டுக்கு நான் இத சிபாரிசு பண்ண மாட்டேன், ஆபீஸுக்குள்ள ஓட்டற டூலுக்கு ஓகே.

கேள்வி: அக்கவுன்டன்ட் வேலை பாக்கறேன் சார், கோட் தெரியாது. பிளக்இன் எல்லாம் போயிருச்சுன்னா ஜிஎஸ்டி சைட்ல டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மட்டும் எப்படி வேலை செய்யுது?

பதில்: நல்ல கேள்விங்க. எம்சைனர்னு ஒண்ணு இன்ஸ்டால் பண்ணிருப்பீங்கல்ல, அது உங்க கம்ப்யூட்டர்லயே தனியா ஓடற புரோகிராம். பேஜ் அதுகிட்ட லோக்கலா ஒரு நெட்வொர்க் போர்ட்ல பேசி கையெழுத்து வாங்கிக்குது, யுஎஸ்பி டோக்கன தொடறது பிரவுசர் இல்ல. எம்சைனர் ஓடலேன்னா சைன் ஆகாது, அவ்ளோதான். இதே மாதிரி சொந்தமா எழுதறவங்க ஒண்ணு கவனிங்க, பிரவுசர்ல தொறந்திருக்கிற எந்த சைட்டும் அந்த போர்ட்ட வந்து தட்டிப் பாக்கலாம், அதனால கூப்பிடறது உங்க சைட்தானான்னு ஆரிஜின (கூப்பிடற சைட்டோட அட்ரஸ) செக் பண்ணாம பதிலே சொல்லக் கூடாது, டோக்கனோட பின் நம்பர எங்கயும் சேவ் பண்ணியும் வெக்காதீங்க.